வாங்கிய மின்னூல் புது ரீடரில் திறக்கவில்லை: பூட்டை உடைக்கலாமா?

கேள்வி: 2017லிருந்து கிண்டிலில் 140 நூல்களுக்கு மேல் வாங்கியிருக்கிறேன். முக்கால்வாசி தமிழ். போன மாதம் கிண்டிலின் திரை உடைந்துவிட்டது. டொராண்டோவில் இருக்கும் மகன் ஒரு கோபோ ரீடர் வாங்கி வந்து கொடுத்தான். அதில் என் நூல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கூகுள் பிளேயில் வாங்கிய ஆங்கில நூல்களும் ஏறவில்லை. ஒரு பதிப்பகத்திடம் நேரடியாக வாங்கிய பிடிஎஃப்பில் ஒரு வரியைக் காப்பி செய்தால் குப்பையாக வருகிறது. 84 வயது அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. போனையே படிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றால் அதுவும் முடியவில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் நூலுக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் பூட்டை எடுத்துத் தருகிறோம் என்கிறார்கள். அமேசான் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். கொடுக்கலாமா? இது குற்றமா? மகன் கனடாவிலிருந்தே செய்து அனுப்பட்டுமா என்று கேட்கிறான்.
— வாசகர், காரைக்குடி

பதில்: வணக்கம் ஐயா. பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் நூல்கள் மட்டும் இல்லை. உங்கள் கார்டு, முகவரி, ஆர்டர்கள் எல்லாம் இருக்கின்றன. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றிவிட்டு, கணக்கின் சாதனப் பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கிண்டிலோ கணினியோ அதில் இருந்தால் நீக்குங்கள். ஆனால் திரை உடைந்த உங்கள் கிண்டிலை மட்டும் நீக்காதீர்கள். பதிவை எடுத்த உடனே அதில் இறக்கி வைத்த நூல்கள் அழிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் எல்லாமே பூட்டுச் சிக்கலாகத் தெரிகிறது. உண்மையில் அவை நான்கு வேறு வேறு சிக்கல்கள். கிண்டில் நூல்களில் கணிசமானவற்றை யாரும் எதையும் உடைக்காமலே கோபோவுக்குக் கொண்டுவர வாய்ப்பு இருக்கிறது. அந்த பிடிஎஃப்பில் பெரும்பாலும் பூட்டே இருக்காது.

கிண்டிலை முதலில் எடுத்துக்கொள்வோம். கோபோ படிப்பது ஈபப் என்ற கோப்பு வடிவம். அமேசான் தருவது ஏஇசட்டபிள்யூ3 அல்லது கேஎஃப்எக்ஸ். ஆகவே பூட்டு இல்லாத கிண்டில் கோப்பைக்கூட அப்படியே கோபோவில் போட்டால் திறக்காது. அதற்கு மேல் டிஆர்எம் என்ற பூட்டு. முன்பு அமேசான் தளத்திலிருந்து நூலைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாகக் கிண்டிலுக்கு மாற்றும் வசதி இருந்தது. 2025 பிப்ரவரி 26ல் அதை எடுத்துவிட்டார்கள். இணையத்தில் காணக் கிடைக்கும் பழைய செய்முறைகளில் பல அந்த வசதியை நம்பி எழுதப்பட்டவை. கடைக்காரர் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்பதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: கோப்பு உங்களிடம் இல்லை, கணக்குக்குள் நுழைந்துதான் எடுக்க வேண்டும்.

எல்லாக் கிண்டில் நூலுக்கும் பூட்டு உண்டு என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது பதிப்பாளர். தமிழில் கிண்டில் நூல்கள் 2016 டிசம்பரில் வரத் தொடங்கின. அன்றிலிருந்து வந்தவற்றில் ஏராளமானவை எழுத்தாளர்கள் கேடிபி என்ற அமேசானின் சுயபதிப்புத் தளம் வழியாகத் தாங்களே ஏற்றியவை. பதிவேற்றும்போது "டிஆர்எம் வேண்டுமா" என்று ஒரு கேள்வி வரும். அது என்னவென்று தெரியாமலே "ஆம்" என்று குறித்தவர்கள் நிறையப் பேர். உங்கள் நூல்களில் எதற்குப் பூட்டு இல்லை என்று அறிய, அமேசானில் நூலின் பக்கத்துக்குப் போய்க் கீழே உள்ள விவரங்களைப் பாருங்கள். "சைமல்டேனியஸ் டிவைஸ் யூசேஜ்: அன்லிமிடெட்" என்ற வரி இருந்தால் அதற்குப் பூட்டு இல்லை.

2026 ஜனவரியிலிருந்து நல்ல மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. கேடிபியில் பூட்டில்லாமல் வெளியிடும் நூல்களை, வாங்கியவர் ஈபப்பாகவோ பிடிஎஃப்பாகவோ இறக்கிக்கொள்ள அமேசான் அனுமதிக்கிறது. கணினி பிரவுசரில் உங்கள் கணக்கின் "மேனேஜ் யுவர் கன்டென்ட் அண்ட் டிவைசஸ்" பக்கத்தைத் திறந்து, நூலுக்கு எதிரே உள்ள கூடுதல் செயல்கள் பட்டியில் இந்த இறக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பழைய நூல்களுக்கு இது தானாக வராது. முன்பே பூட்டில்லாமல் வெளியிட்டிருந்தாலும், எழுத்தாளர் மீண்டும் ஒருமுறை உள்ளே போய்ச் சம்மதம் தர வேண்டும். 2017லிருந்து வாங்கிய உங்கள் சேகரிப்பில் நிறைய நூல்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகும்.

ஆகவே எழுத்தாளருக்கு எழுதுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். தமிழில் இது நடக்கக்கூடிய வழி. ஆங்கிலத்தில் பெரிய பதிப்பக நூலுக்கு இப்படிக் கேட்டால் பதில் வராது. தமிழில் தானே ஏற்றிய எழுத்தாளர் பெரும்பாலும் ஃபேஸ்புக்கிலோ தன் வலைத்தளத்திலோ கிடைப்பார். இவ்வளவு எழுதினால் போதும்: "உங்கள் இன்ன நூலைக் கிண்டிலில் வாங்கியிருக்கிறேன். வேறு ரீடருக்கு மாறிவிட்டேன். கேடிபியில் நூலின் உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து, டிஆர்எம் கேள்விக்கு 'வேண்டாம்' என்று குறித்து, வாசகர்கள் ஈபப், பிடிஎஃப் இறக்கலாம் என்ற உறுதிமொழியையும் டிக் செய்து மீண்டும் வெளியிட்டால், வாங்கிய எல்லோரும் இறக்கிக்கொள்ள முடியும்." ஆர்டர் விவரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்கள். சிலர் நேரடியாக ஈபப்பையே அனுப்பிவிடுவார்கள்.

பூட்டை எடுத்தால் திருட்டுப் பிரதி பரவிவிடும் என்று எழுத்தாளர் தயங்கலாம். அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தமிழில் டெலிகிராம் குழுக்கள் எழுத்தாளர்களின் வயிற்றில் அடித்திருக்கின்றன. ஆனால் அங்கே சுற்றுபவற்றில் அச்சு நூலை ஸ்கேன் செய்த பிடிஎஃப்களே ஏராளம். மின்னூலின் பூட்டு அவற்றில் ஒன்றையும் தடுக்காது. காசு கொடுத்து வாங்கி, கருவி மாறியதால் படிக்க முடியாமல் நிற்பவரைத்தான் அது தடுக்கிறது.

கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாவில் எடுத்தவை உங்கள் நூல்கள் அல்ல, வாடகைக்கு எடுத்தவை. அவற்றை எந்த வழியிலும் சேமித்து வைக்க நினைக்காதீர்கள்.

இறக்கிய ஈபப்பைக் கோபோவில் ஏற்றுவது எளிது. யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ரீடரின் திரையில் "கனெக்ட்" தொட்டு, கணினியில் தெரியும் டிரைவில் நேரடியாகவோ புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டோ கோப்பை ஒட்டுங்கள். புள்ளியில் தொடங்கும் கோபோ ஃபோல்டருக்குள் மட்டும் கை வைக்காதீர்கள். முறையாக எஜெக்ட் செய்த பிறகே கேபிளை உருவுங்கள். தமிழ் நூலில் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். டிரைவின் முதல் நிலையில் "ஃபான்ட்ஸ்" என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை அதில் போட்டு, நூலைத் திறந்து எழுத்து அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். கட்டம் போய், "கெ" என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால் அது வேறு கோளாறு: நூலைக் காட்டும் மென்பொருளுக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. கோபோ சாதாரண ஈபப்பை ஒரு மென்பொருளாலும் கேபப் என்ற தன் வடிவத்தை இன்னொன்றாலும் காட்டுகிறது. ஒன்றில் கொம்பு இடம் மாறினால் மற்றதில் முயன்று பாருங்கள். காலிபர் மென்பொருளின் 8ஆம் பதிப்பிலிருந்து கேபப்பாக மாற்றும் வசதி அதனுடனே வருகிறது.

காலிபர் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. அது பூட்டை எடுக்கும் மென்பொருள் அல்ல. பூட்டிய நூலை மாற்றச் சொன்னால், இதில் டிஆர்எம் இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிடும். நூல்களை அடுக்கவும், வடிவம் மாற்றவும், அட்டைப்படமும் ஆசிரியர் பெயரும் சரிசெய்யவும் அதைவிட நல்ல இலவச மென்பொருள் இல்லை.

அடுத்து கூகுள் பிளே நூல்கள். இதற்குப் பெரும்பாலும் முறையான வழி இருக்கிறது. பிரவுசரில் பிளே புக்ஸ் நூலகத்தைத் திறந்து, நூலின் மூன்று புள்ளியைத் தொட்டு "எக்ஸ்போர்ட்" கொடுங்கள். பூட்டில்லாத நூல் நேராக ஈபப்பாக இறங்கும். பூட்டுள்ளது ஏசிஎஸ்எம் என்ற சின்னக் கோப்பாக வரும். அதைத்தான் நீங்கள் கோபோவில் போட்டிருப்பீர்கள். அது நூலே இல்லை. சில கேபி அளவே இருக்கும். நூலைப் பெற்றுக்கொள்ள அடோபி சர்வருக்குக் காட்டும் சீட்டு, அவ்வளவுதான். கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் நிறுவி, அதன் உதவிப் பட்டியில் உங்கள் அடோபி ஐடியால் கணினியை அங்கீகரித்து, பிறகு ஏசிஎஸ்எம்மைத் திறந்தால் உண்மையான நூல் இறங்கும். கோபோவை இணைத்தால் இடப்பக்கத்தில் அதன் பெயர் வரும். அதையும் அதே ஐடியில் அங்கீகரித்துவிட்டு நூலை இழுத்து அதன்மேல் விடுங்கள். கோபோ அடோபியின் பூட்டைப் புரிந்துகொள்ளும், உடைக்கத் தேவையில்லை.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு இரண்டு. ஐடி இல்லாமலே அங்கீகரிக்கும் வசதி அந்த மென்பொருளில் இருக்கிறது. அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் நூல் அந்த ஒரு கணினியோடு கட்டுண்டுவிடும், கோபோவுக்குப் போகாது. இரண்டாவது, ஒரே சீட்டை முதலில் ஒரு ஐடியிலும் பிறகு மகனின் ஐடியிலும் திறப்பது. இந்த நூலை வேறொருவர் ஏற்கெனவே பெற்றுவிட்டார் என்ற பிழை வரும். அப்போது அதே உதவிப் பட்டியில் அங்கீகாரத்தை எடுத்துவிட்டு, முதலில் பயன்படுத்திய ஐடியிலேயே மீண்டும் நுழையுங்கள். ஓர் ஐடிக்கு 6 கணினிகளும் 6 ரீடர்களும் என்பது பொதுவான வரம்பு. பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன் அதன் அங்கீகாரத்தை எடுத்துவிடுவது நல்லது.

எந்த ஈபப்பாக இருந்தாலும் அதில் பூட்டு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஒரு பிரதி எடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறங்கள். ஈபப் என்பதே உள்ளே சில வலைப்பக்கங்களை வைத்துக் கட்டிய ஜிப்தான். "மெட்டா-இன்ஃப்" ஃபோல்டருக்குள் "ரைட்ஸ்" என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருந்தால் அடோபி பூட்டு. "சின்ஃப்" இருந்தால் ஆப்பிள். எல்சிபிஎல் என்று முடியும் கோப்பு இருந்தால் நூலகங்கள் பயன்படுத்தும் ரீடியம் பூட்டு. "என்கிரிப்ஷன்" என்ற கோப்பு மட்டும் தனியாக இருந்தால் பதற வேண்டாம். நோட்பேடில் திறந்து பாருங்கள். அதில் எழுத்துருக் கோப்புகளின் பெயர் மட்டுமே இருந்தால் எழுத்துருவை மறைத்திருக்கிறார்கள், நூலைப் பூட்டவில்லை.

பதிப்பகத்தின் பிடிஎஃப்புக்கு வருவோம். அக்ரோபாட் ரீடரில் திறந்து, ப்ராப்பர்டீஸ் போய், "செக்யூரிட்டி" தாவலைப் பாருங்கள். அங்கே "நோ செக்யூரிட்டி" என்று இருந்தால் பூட்டு இல்லை. பக்கத்தில் உள்ள "ஃபான்ட்ஸ்" தாவலையும் பாருங்கள். பாமினி, டேம், டேப் போன்ற பெயர்கள் தெரிந்தால் சங்கதி விளங்கிவிடும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய இந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கிலக் குறிகள். காப்பி செய்தால் குப்பை வருவதும், போன் படித்தால் உளறுவதும் இதனால்தான். என்எச்எம் கன்வெர்ட்டரில் ஒரு பத்தியை ஒட்டி, எழுத்துருவுக்குரிய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். முதல் வரி சரியாக வந்தால் முழு நூலும் வரும்.

ஃபான்ட்ஸ் தாவலே காலியாக இருந்தால் அது ஸ்கேன் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக்கில் கூகுள் டாக்ஸால் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. பெரிய நூலை அத்தியாயமாகப் பிரித்து ஏற்றுங்கள். ரகரமும் துணைக்காலும் குழம்பும், இரண்டு பத்தி அமைப்பில் வரிகள் கலந்துவிடும். திருத்த நேரம் ஆகும். அதற்கு முன் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு யூனிகோடு கோப்பு கேளுங்கள். பக்கத்தின் அடியில் உங்கள் பெயரோ ஆர்டர் எண்ணோ அச்சாகியிருந்தால் அதை அழிக்க முயல வேண்டாம். அது வாசிப்பைத் தடுக்கும் பூட்டு அல்ல. பூட்டுக்குப் பதில் பெயரைப் பொறித்து வாசகரை நம்பும் பதிப்பகம் மதிக்கத்தக்கது.

இனி சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பது பற்றிப் பேசுகிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும். "மீறும் நோக்கத்தோடு" என்பதுதான் அதன் உயிர். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகச் செய்வதை அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு விலக்கிவைக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வாங்கிய நூலை உங்கள் ரீடரில் நீங்களே படிக்க வேண்டும் என்ற நோக்கமும், உடைத்த கோப்பை வாட்ஸாப் குழுவில் போடும் நோக்கமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பின்னது 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் தரக்கூடியது. சட்டத்தைத் தவிர ஒப்பந்தமும் இருக்கிறது. கிண்டில் நூல் விற்கப்படவில்லை, உரிமம்தான் தரப்படுகிறது என்றும், பூட்டைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது என்றும் அமேசானின் விதிமுறை சொல்கிறது. மீறினால் கணக்கையே மூடும் உரிமை அவர்களிடம் இருக்கிறது.

கடைக்காரருக்கு இதில் தனிச் சுமை இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட காரியத்துக்காகவே ஆனாலும், இன்னொருவர் பூட்டை உடைக்க உதவுபவர், உதவி பெறுபவருடைய பெயர், முகவரி, அடையாள விவரம், நோக்கம் எல்லாவற்றையும் முழுமையாகப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று 65ஏ சொல்கிறது. நூலுக்குப் பத்து ரூபாய் என்று பாஸ்வேர்டு வாங்கும் கடையில் அப்படி ஒரு பதிவேடு இருக்குமா? உடைக்கும் படிகளை இங்கே நான் எழுதாததற்கும் இதுவே காரணம். இதைப் படிப்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிய வழியில்லை.

மகன் கனடாவில் செய்வது நல்ல யோசனை அல்ல. 2012ல் திருத்திய கனடாச் சட்டத்தின் 41.1 பிரிவு, நோக்கத்தைப் பார்க்காமல் உடைப்பதையே தடுக்கிறது. இந்தியச் சட்டத்தைவிட இந்த விஷயத்தில் அது கடுமை. அமெரிக்காவில் 1998ன் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டமும் ஏறக்குறைய அப்படியே. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரு நாடுகளிலும் விலக்கு உண்டு.

அம்மாவின் விஷயத்தில் இந்தியச் சட்டம் தாராளமானது. மாற்றுத்திறனாளி ஒருவர் படிக்கக்கூடிய வடிவத்தில் நூலை மாற்றித் தருவதை 52(1)(இசட்பி) பிரிவு எவருக்கும் அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014ல் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான். இருந்தாலும் இன்றைக்கே கேட்கவைக்க எளிய வழி ஆண்ட்ராய்டு போன். அமைப்புகளில் அணுகல்தன்மை, அதில் எழுத்திலிருந்து பேச்சு என்ற இடத்துக்குப் போய், கூகுள் பேச்சு இயந்திரத்தில் தமிழ்க் குரலை இறக்குங்கள். பிறகு திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் டாக்பேக்கை இயக்கி, கிண்டில் செயலியில் நூலைத் திறந்து பாருங்கள். தமிழ்க் குரல் இறக்காமல் விட்டால் தமிழ் வரிகளைத் தாண்டிப் போய்விடும். "முடியவில்லை" என்று நீங்கள் எழுதியதற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கலாம். பார்வைக் குறைபாட்டுக்கான சான்று வாங்கிவிட்டால், அத்தகையோருக்கான இணைய நூலகங்களான சுகம்ய புஸ்தகாலயா, புக்‌ஷேர் இரண்டிலும் பதிவு செய்யுங்கள். அங்கே வரும் நூல்கள் கேட்பதற்கென்றே தயாரித்தவை.

உங்கள் 140ல் பழைய எழுத்தாளர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பாருங்கள். ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு முடிந்த படைப்புகளும், தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவையும் எல்லோருக்கும் பொது. அவற்றில் நிறைய மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்திலும் பூட்டில்லாமல் கிடைக்கின்றன. பலர் விருப்பத்தோடு வெளியிட்ட புதிய நூல்கள் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப்பாகவே இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் சில நூல்கள் பூட்டோடு மிஞ்சும். பெரிய பதிப்பகங்களுடையவை பெரும்பாலும் அப்படித்தான். அவற்றைக் கிண்டில் செயலியில் படியுங்கள். போன் திரை கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஆண்ட்ராய்டில் ஓடும் மின்மைத் திரை (ஈ-இங்க்) கருவிகள் இருக்கின்றன. கிண்டில் செயலி, பிளே புக்ஸ் இரண்டும் ஒரே கருவியில் ஓடும். ஆனால் கோபோ கையில் இருக்கும்போது உடனே அதற்குச் செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன். முதலில் எழுத்தாளர்களின் பதில் வரட்டும்.

திரை உடைந்த கிண்டிலுக்குக் கடவுச்சொல் வைக்கவில்லை என்றால் கணினியில் இணைத்துப் பாருங்கள். பல சமயம் திரை போனாலும் டிரைவ் தெரியும். "டாக்குமென்ட்ஸ்" ஃபோல்டரில் "மை கிளிப்பிங்ஸ்" என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கும். இத்தனை ஆண்டும் அந்தக் கிண்டிலில் நீங்கள் அடிக்கோடிட்ட வரிகளும் எழுதிய குறிப்புகளும் அதில் இருக்கும். அதற்குப் பூட்டு கிடையாது. கருவியைப் பழுதுபார்க்கவோ ரீசெட் செய்யவோ கொடுக்கும் முன் அதைக் காப்பி எடுத்துவிடுங்கள்.